மலைமுகாமில் ஆவியில் வேகும் மஃபினும் பிரவுனியும்: முழுமையான வழிகாட்டி

முதுகுப்பையோடு மலையேறுகிறவரிடம் ஓவன் கிடையாது. ஒரு சின்ன கேஸ் ஸ்டவ், ஒரு பாத்திரம், ஒரு மூடி, அவ்வளவுதான். மஃபினும் பிரவுனியும் வேக அது போதும். ஆனால் ஓவன் கணக்கை மறந்துவிட்டு இட்லிக் கணக்குக்கு வந்தாக வேண்டும்.

புதிதாகச் செய்கிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வரிசையில்தான். மாவைக் கரைத்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். தண்ணீர் கொதிக்கும் முன்பே கப்புகளை இறக்குகிறார்கள். உப்பியதா என்று மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறக்கிறார்கள். வீட்டில் இட்லி ஊற்றும்போது இதில் ஒன்றையும் அவர்களே செய்வதில்லை.

இங்கே உள்ள அளவுகள் இரண்டு பேருக்கானவை. 2000 முதல் 3500 மீட்டர் வரையிலான இமயமலை முகாம்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. திரியுண்ட் சுமார் 2850 மீட்டர், ஹர் கி தூன் சுமார் 3500 மீட்டர். ஸ்டவ் எரிக்க அனுமதி உண்டா என்பதை ஒவ்வொரு தடத்திலும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டுக் காப்புக்காடுகளில் தீ மூட்டுவது குற்றம். அங்கே போகிறவர்கள் இதை வீட்டில் செய்து டப்பாவில் எடுத்துப் போவதே சரி.

1. ஆவியால் முடிவது, முடியாதது

மூடிய பாத்திரத்துக்குள் ஆவியின் சூடு தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டாது. கடல்மட்டத்தில் அது 100 டிகிரி. 3000 மீட்டரில் ஏறக்குறைய 90 டிகிரி. மாவு வெந்து இறுகவும் முட்டை கட்டிப்படவும் இந்தச் சூடு போதும். மேல்தோல் பொன்னிறமாகச் சிவக்க வேண்டுமானால் 140 டிகிரி அளவுக்குப் போக வேண்டும், அது ஆவியில் நடக்காது.

ஆகவே வெனிலா மஃபின் வெளுப்பாகத்தான் வரும். நிறம் வரவில்லையே என்று கூடுதலாகப் பத்து நிமிடம் வேகவைப்பது கேஸுக்குக் கேடு. நிறம் வேண்டுமென்றால் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை, கொஞ்சம் பட்டைத்தூள், அல்லது கோகோ. பிரவுனிக்கு இந்தக் கவலையே இல்லை. கோகோவின் நிறமே அதன் நிறம், ஈரப்பதமான நடுப்பகுதியே அதன் குணம். முதல் முறை செய்கிறவர் மஃபினைவிடப் பிரவுனியில் ஏமாற்றம் குறைவாகவே காண்பார், கேஸ்தான் இரண்டு மடங்கு செலவாகும்.

2. பாத்திரம், தாங்கி, கப்

பாத்திரத்தின் வாய் 16 செ.மீ, ஆழம் 10 செ.மீ இருந்தால் வேலை சுலபம். இது சுமார் 2 லிட்டர் கொள்ளும். 7 செ.மீ வாயுள்ள சிலிக்கான் மஃபின் கப் மூன்று இதில் ஒன்றையொன்று நெருக்காமல் உட்காரும். 14 செ.மீ பாத்திரத்தில் இரண்டுதான். மூன்றாவதைத் திணித்தால் கப்புகள் நசுங்கி, ஆவி மேலே ஏற வழியில்லாமல் அடி வெந்து தலை பச்சையாக நிற்கும்.

ஆழத்தைக் கணக்குப் போட்டே வாங்குங்கள். தாங்கி 3 செ.மீ, கப் 3.5 செ.மீ, உப்பிவர 1 செ.மீ, மூடிக்கும் மாவுக்கும் இடையே குறைந்தது 1.5 செ.மீ. ஆக 9 செ.மீ. ஆழமில்லாத பாத்திரத்தில் மஃபின் உப்பி மூடியில் ஒட்டும், மூடியைத் தூக்கும்போது தலை பிய்ந்து வரும்.

தாங்கி என்பது கப்புகளைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தும் பொருள். குக்கருக்குள் போடும் துளைத்தட்டு கால் உயரமாக இருந்தால் அதுவே போதும். எடை குறைக்க விரும்பினால் அலுமினியத் தாளை விரல் பருமனில் முறுக்கி, பிரிமணை மாதிரி வளையமாகச் சுருட்டி, மூன்று கால்களை மடித்துவிடலாம். கனமான தாள் வேண்டும். வீட்டில் ரொட்டி சுற்றும் மெல்லிய தாள் நனைந்ததும் சரிந்துவிடும். ஓடையில் கிடக்கும் கூழாங்கற்களை நம்பிப் போகாதீர்கள். மூன்றும் ஒரே உயரத்தில் அமைவது அபூர்வம், கப் சாய்ந்தால் மாவு ஒரு பக்கமாக ஓடும்.

பிரவுனிக்கு 12 செ.மீ வாயுள்ள, 4 செ.மீ உயரமுள்ள அலுமினிய டப்பா. பாத்திரச் சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவே சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும், ஆவி ஏறும் வழி அதுதான். டப்பாவின் அடி அளவுக்கு வெட்டிய பட்டர் பேப்பர் இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இவை தவிர:

- மூடியைச் சுற்றிக் கட்ட ஒரு கைக்குட்டை அளவு மெல்லிய பருத்தித் துணி. பழைய இட்லித் துணி உத்தமம்.
- இருமல் மருந்தோடு வரும் 10 மி.லி அளவு மூடி. தண்ணீர் அளக்க இதைவிட லேசான கருவி இல்லை.
- பல்குச்சி, பாத்திரம் பிடிக்கும் இடுக்கி, ஒரு ரூபாய் நாணயம் ஒன்று. நாணயம் எதற்கென்று ஆறாம் படியில்.

3. கேஸ்: வகை, அளவு, பாதுகாப்பு

ஸ்டவ்வுக்குக் கேஸ் தரும் சின்ன உலோக உருளையான கேனிஸ்டரை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெரிய பையிலும் முடியாது. ரயிலிலும் தடை. மணாலி, லே, டேராடூன் போன்ற ஊர்களின் ட்ரெக்கிங் கடைகளில் போய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஸ்டவ்வை மட்டும் கொண்டுபோகலாம், அதுவும் கேஸ் வாடை இல்லாமல் துடைத்து.

நீள உருளையாக வரும் மலிவான கேன்களில் பெரும்பாலும் வெறும் பியூட்டேன். அது பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். விடிகாலைக் குளிரில் அதை வைத்துக்கொண்டு பிரவுனி செய்ய முடியாது. ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த, திருகுமரை உள்ள கேனிஸ்டர்தான் மலைக்கு ஏற்றது. உங்கள் ஸ்டவ்வின் தலை எந்த வகைக்குப் பொருந்தும் என்பதை ஊரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஈடு மஃபினுக்குத் தோராயமாக 15 கிராம், ஒரு பிரவுனிக்கு 30 கிராம் கேஸ் ஆகும். காற்றடித்தால் இது இரண்டு மடங்காகும். 230 கிராம் கேனிஸ்டரை நான்கு நாள் சமையலுக்குக் கணக்கிட்டு வாங்கிய இரண்டு பேர் மூன்று பிரவுனிக்குக் கூடுதல் கேஸ் எடுக்காவிட்டால், கடைசி நாள் பச்சைத்தண்ணீரில் அவல் ஊறவைத்துச் சாப்பிட வேண்டியிருக்கும்.

ஸ்டவ் அணைந்துவிடாமல் மிகக் குறைந்த தீயில் நிற்க வேண்டும். தண்ணீரை வேகமாகக் கொதிக்கவைப்பதற்கென்றே செய்த சில ஸ்டவ்களுக்குச் சிம் என்பதே தெரியாது. குழாயைத் திருகினால் ஒன்று சீறும், இல்லை அணையும். அப்படிப்பட்டதில் தண்ணீரை அதிகம் ஊற்றுவது ஒன்றே வழி, அதற்குத் தாங்கியும் உயர வேண்டும்.

காற்றுத் தடுப்புத் தகட்டைக் கேனிஸ்டரைச் சுற்றி முழு வட்டமாக நிறுத்தாதீர்கள். இந்த எச்சரிக்கை நீண்ட நேரம் எரிக்கும் சமையலுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். கேனிஸ்டரின் தலையிலேயே ஸ்டவ் உட்காரும் அமைப்பில், சூடு கீழே தங்கினால் கேனிஸ்டர் வெடிக்கலாம். காற்று வரும் பக்கம் மட்டும் அரைவட்டமாக மறையுங்கள், அவ்வப்போது கேனிஸ்டரைத் தொட்டுப் பாருங்கள். கைக்கு இளஞ்சூடாக இருந்தாலே தகட்டை விலக்க வேண்டும். கூடாரத்துக்குள் எரிக்கவே கூடாது. மழை பெய்தாலும் கூடாது. தீயை விடவும் பயப்பட வேண்டியது வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடுக்கு.

4. வீட்டிலேயே பொட்டலம் கட்டுதல்

முகாமில் செய்ய வேண்டியது தண்ணீர் சேர்ப்பது மட்டும் என்ற நிலைக்கு எல்லாவற்றையும் வீட்டில் கொண்டுவந்துவிட வேண்டும். குளிரில் விரல் மரத்த நேரத்தில் பேக்கிங் பவுடர் அளப்பது நடக்கிற காரியமில்லை.

*மஃபின், மூன்று கப்:* மைதா 60 கிராம், பொடித்த சர்க்கரை 25 கிராம், பால்பவுடர் 10 கிராம், முட்டைப்பொடி 8 கிராம், பேக்கிங் பவுடர் தலைதட்டி முக்கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, நெய் 15 கிராம். முகாமில் சேர்க்கும் தண்ணீர் 60 மி.லி.

*பிரவுனி, 12 செ.மீ டப்பா ஒன்று:* மைதா 45 கிராம், கோகோ 20 கிராம், பொடித்த சர்க்கரை 80 கிராம், பால்பவுடர் 10 கிராம், முட்டைப்பொடி 10 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை, நெய் 45 கிராம். முகாமில் தண்ணீர் 50 மி.லி. சாக்லேட் துண்டு போடுவதானால் 25 கிராம், தனிப் பொட்டலத்தில்.

சர்க்கரையைப் பொடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முழுச் சர்க்கரை வெதுவெதுப்பான 60 மி.லி தண்ணீரில் கரைய நேரமாகும். கரையும்வரை கலக்கினால் மாவு இழுபட்டு மஃபின் ரப்பராகும்.

மாவு வகைகளை இரண்டு முறை சலித்துக் கலந்தபின், உருக்காத நெய்யைப் போட்டு விரல்நுனியால் பிசிறுங்கள். புட்டு மாவு மாதிரி உதிரியாக வர வேண்டும். எண்ணெயைத் தனி பாட்டிலில் சுமக்கும் தொல்லை இதனால் போகிறது, மாவில் நெய் பூசியிருப்பதால் கட்டியும் குறையும். வெண்ணெய் வேண்டாம். அதில் தண்ணீர் உண்டு, அந்த ஈரம் பேக்கிங் பவுடரைப் பையிலேயே தட்டி எழுப்பிவிடும்.

முட்டை சேர்க்காதவர்கள் மஃபினில் முட்டைப்பொடிக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி சோளமாவும் கூடுதலாக ஒரு டீஸ்பூன் பால்பவுடரும் போடலாம். பிரவுனிக்கு அது போதாது. அதில் சர்க்கரை மாவைவிட அதிகம். சர்க்கரை அதிகமானால் மாவு வேகத் தேவைப்படும் சூடும் ஏறும், மலையிலோ சூடு குறைவு. இறுக்கிப் பிடிப்பது முட்டைதான். அதற்கு மாற்றாக ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடி சேர்த்து, தண்ணீரை 65 மி.லி ஆக்கி, கரைத்தபின் ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். அது வழுவழுப்பாகி மாவைக் கட்டும். பிரவுனியில் பேக்கிங் பவுடர் சிட்டிகை அளவே என்பதால் இந்தத் தாமதம் கெடுதல் செய்யாது. மஃபினில் இப்படிக் காத்திருக்கக் கூடாது.

ஒவ்வோர் ஈட்டையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இன்னொரு கவருக்குள் வையுங்கள். கவரின் மேல் அழியாத பேனாவால் தண்ணீர் அளவையும் வேகும் நேரத்தையும் எழுதுங்கள். நான்காம் நாள் இரவில் அதெல்லாம் ஞாபகத்தில் இருக்காது. இப்படிக் கட்டிய பொட்டலம் இரண்டு வாரம் தாங்கும்.

ஆப்பசோடா பேக்கிங் பவுடர் ஆகாது. அது ஏறக்குறைய மூன்று மடங்கு வீரியமானது, வேலை செய்யப் புளிப்பும் வேண்டும். அளவு மாற்றாமல் போட்டால் மஃபின் மஞ்சளடித்துச் சோப்பு ருசி வரும். வீட்டில் கிடக்கும் பேக்கிங் பவுடர் பழையதா என்ற சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகையைச் சுடுதண்ணீரில் போடுங்கள். பொங்கினால் உயிர் இருக்கிறது.

5. ஒரு ஒத்திகை

கொண்டுபோகப் போகும் அதே பாத்திரம், அதே தாங்கி, அதே கப். அதே ஸ்டவ்வாக இருந்தால் இன்னும் நல்லது. மூடி எங்கே கசிகிறது, தாங்கி ஆடுகிறதா, ஒரு ஈட்டுக்கு எவ்வளவு தண்ணீர் குறைகிறது என்பதெல்லாம் வீட்டில் தெரிந்துவிட வேண்டும். ஒத்திகைக்கு முன்னும் பின்னும் கேனிஸ்டரைச் சமையல் தராசில் வைத்துப் பார்த்தால், மேலே சொன்ன 15, 30 கிராம் உங்கள் ஸ்டவ்வுக்கு எவ்வளவாக மாறுகிறது என்பதும் தெரியும்.

6. முகாமில் முதல் வேலை ஆவி, மாவு அல்ல

சமமான தரையில் ஸ்டவ்வை நிறுத்துங்கள். பாத்திரத்தில் நாணயத்தைக் கழுவிப் போட்டு, தாங்கியை வைத்து, மஃபினுக்கு 300 மி.லி, பிரவுனிக்கு 400 மி.லி தண்ணீர் ஊற்றுங்கள். 16 செ.மீ பாத்திரத்தில் 400 மி.லி என்பது 2 செ.மீ உயரம். 3 செ.மீ தாங்கியின் மேல்மட்டத்துக்கு ஒரு செ.மீ கீழே நிற்கும். அதற்கு மேல் ஊற்றினால் கொதிக்கும் தண்ணீர் துள்ளிக் கப்பின் அடியை நனைக்கும்.

மூடி போட்டுப் பெருந்தீயில் வையுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பானதும், கொதிப்பதற்கு முன், மாவுக்கு வேண்டிய 60 அல்லது 50 மி.லி தண்ணீரை அளவு மூடியால் டம்ளரில் எடுத்துவைத்து, எடுத்த அளவுக்குப் பாத்திரத்தில் ஊற்றிவிடுங்கள்.

ஓடைத் தண்ணீரின் குளிர் பட்டால் பொட்டலத்தில் இருக்கும் நெய் சோளப்பொரி மாதிரி உருண்டு நிற்கும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் சேராது. ஆகவே வெதுவெதுப்பு வேண்டும். கொதிநீர் ஊற்றினாலும் ஆகாது. முட்டைப்பொடி திரிந்து கட்டியாகும், பேக்கிங் பவுடர் கப்புக்குப் போகும் முன்பே பொங்கித் தீர்ந்துவிடும். விரல் விட்டால் சூடு உறைக்கக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது.

நாணயம் காவலாளி. தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது அடியில் கிணுகிணுத்துக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். இட்லிப் பாத்திரத்தில் நாணயம் போட்டுவைக்கும் பழைய வழக்கம்தான். மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை இது மிச்சப்படுத்தும்.

7. கரைத்தல்: ஒரு நிமிட வேலை

தண்ணீர் நன்றாகக் கொதித்து, மூடியின் விளிம்பில் ஆவி சீறத் தொடங்கியபின்தான் பொட்டலத்தைத் திறக்க வேண்டும்.

எடுத்துவைத்த தண்ணீரை ஜிப் கவருக்குள் ஊற்றி, மூடி, வெளியிலிருந்து விரல்களால் பிசையுங்கள். முப்பது நொடி போதும். சின்னச் சின்னக் கட்டி நின்றால் நிற்கட்டும், அவை ஆவியில் கரைந்துவிடும். வழவழவென்று வரும்வரை பிசைந்தால் மைதாவின் பசை இழுபட்டு, உள்ளே புழு துளைத்த மாதிரி நீளப் பொந்துகள் விழும்.

மஃபின் மாவு கெட்டியான இட்லி மாவுப் பதம். கவரைச் சாய்த்தால் தயங்கித் தயங்கி நகர வேண்டும். பிரவுனி மாவு சற்றுத் தளர்வாக, தேன் மாதிரி நாடாவாக விழும். கெட்டியாகத் தெரிந்தால் ஒரு தடவைக்கு 5 மி.லி வீதம் சேருங்கள். அவசரத்தில் ஒரு மடக்கு ஊற்றினால் திருத்த வழியில்லை, கூடுதல் மைதா கையில் இருக்காது.

கவரின் ஒரு மூலையைக் கத்தரித்து, ஜாங்கிரி பிழிவதுபோல் கப்பில் பிழியுங்கள். கரண்டியும் வேண்டாம், கிண்ணமும் கழுவ வேண்டாம். கப்பில் முக்கால் அளவுக்கு மேல் போகக் கூடாது. கத்தரித்த மூலைத்துண்டை உடனே பைக்குள் போடுங்கள், முகாமில் அதிகம் தவறிவிழும் குப்பை இதுதான்.

கவரோடு கொதிநீரில் போட்டு வேகவைக்கும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள். சாதாரண ஜிப் கவர் அந்தச் சூட்டுக்குச் செய்ததல்ல, இளகித் தையல் பிரியும். செய்யாதீர்கள்.

8. இறக்குதலும் மூடுதலும்

தீயைக் குறைத்துவிட்டு, மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறங்கள். முகத்தில் அடிக்கும் ஆவி சுடுதண்ணீரை விட மோசமாகச் சுடும், மருத்துவமனையோ இரண்டு நாள் நடை.

கப்புகளை இடுக்கியால் இறக்குங்கள். மூடியைத் துணியில் சுற்றி, நான்கு முனைகளையும் மூடியின் மேலே இறுக முடிச்சுப் போடுங்கள். முனை ஒன்று தொங்கினாலும் தீப்பிடிக்கும். மூடியில் படியும் ஆவி சொட்டாமல் இருக்கவே இந்தத் துணி. அது இல்லாவிட்டால் மஃபினின் தலை களியாகும். பிரவுனிக்குத் துணி மட்டும் போதாது, அகலமான பரப்பு என்பதால் எந்தத் துளியும் அதன் மேல்தான் விழும். டப்பாவின் மேல் அலுமினியத் தாளைக் கூரை மாதிரி நடுவில் உயர்த்தி, விளிம்பில் லேசாக அழுத்திவிடுங்கள்.

ட்ரெக்கிங் பாத்திரங்களின் மூடிகள் காகிதம் மாதிரி லேசானவை, ஆவியில் துள்ளும். மேலே தட்டையான ஒரு கல்லை வைத்தால் ஆவி உள்ளேயே சுற்றும், நேரமும் கேஸும் மிச்சம்.

9. வேகும் நேரம்

மறுபடி ஆவி வரத் தொடங்கிய நொடியிலிருந்து கணக்கு. முதல் இரண்டு நிமிடம் நடுத்தீ, பிறகு நாணயம் மெதுவாகக் கிணுகிணுக்கும் அளவுக்குச் சிம். பெருந்தீயில் ஆவியின் சூடு ஏறிவிடாது, தண்ணீர்தான் வீணாக வற்றும்.

மஃபின்: 2000 மீட்டருக்குள் 15 நிமிடம், 3000 மீட்டரில் 18 முதல் 20, 3500 மீட்டரில் 22.

பிரவுனி: 2000 மீட்டருக்குள் 30 நிமிடம், 3000 மீட்டரில் 40, 3500 மீட்டரில் 45.

மஃபினில் முதல் 12 நிமிடமும் பிரவுனியில் முதல் 25 நிமிடமும் மூடியைத் தொடாதீர்கள். பாதி உப்பிய மாவுக்கு இன்னும் எலும்பு முளைக்கவில்லை. குளிர்காற்று பட்டால் உள்ளே இருக்கும் ஆவி சுருங்கி, நடுப்பகுதி குழிந்துபோகும். மறுபடி சூடேற்றினாலும் எழாது.

பாதியில் நாணயச் சத்தம் நின்றால், மூடியை ஒரு பக்கம் விரற்கடை அளவு மட்டும் தூக்கி, சுவர் ஓரமாகக் கொதிநீர் ஊற்றுங்கள். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கிப்போகும். பிரவுனி செய்யும் நாளில் குடிக்கக் காய்ச்சிய தண்ணீரைப் பிளாஸ்கில் 150 மி.லி தனியாக வைத்திருப்பது இதற்காகவே.

வெகுநேரம் எரியும் கேனிஸ்டர் தானே குளிர்ந்து, தீ தளரும். அப்போது தீ மேலே இருக்கும்படியே, கேனிஸ்டரின் அடியை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள தட்டில் நிறுத்தலாம். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் வேண்டாம். முந்தின இரவு கேனிஸ்டரை உறக்கப்பைக்குள் வைத்திருந்தாலே பாதிப் பிரச்சினை வராது.

10. பதமும் ஆறுதலும்

பல்குச்சியை மஃபினின் நடுவில் குத்தி எடுங்கள். ஈரமாவு ஒட்டாமல் வந்தால் ஆயிற்று. மேலே தொட்டால் பிசுபிசுப்பது ஆவியின் ஈரமாக இருக்கலாம், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

பிரவுனிக்கு இந்தச் சோதனை ஏமாற்றும். குச்சியில் ஈரமான துகள் ஒட்டிக்கொண்டு வந்தாலே இறக்கிவிடலாம். குச்சி சுத்தமாக வரும்வரை விட்டால் அது கேக். ஓரம் டப்பாவை விட்டு விலகி, நடு ஆட்டினால் அலையாமல் இருந்தால் சரி.

அடுப்பை அணைத்தபின் மூடியைத் திறந்து, மஃபினைக் கப்போடு ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள். மேல் ஈரம் காயும், உள்சதை இறுகும். பிரவுனிக்கு அரைமணி நேரமாவது வேண்டும். சுடச்சுட வெட்டினால் அல்வா மாதிரிக் கத்தியோடு வரும். ஆறியதும் நெய் உறைந்து துண்டு நிற்கும். மலைக்குளிர் செய்கிற ஒரே உதவி இது.

11. உயரம் ஏற ஏற

3000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 விழுக்காடுதான். அழுத்தம் குறைந்த இடத்தில் அதே பேக்கிங் பவுடர் மாவை அதிகமாக ஊத வைக்கும், சூடு குறைவென்பதால் மாவு இறுகுவதோ தாமதமாகும். ஊதல் முந்தி, இறுகல் பிந்தினால் மஃபின் எழும்பி விழும். ஆகவே 2500 மீட்டருக்கு மேல் போகிற பொட்டலத்தில் முக்கால் டீஸ்பூனை அரை டீஸ்பூனுக்குச் சற்று மேலாகக் குறையுங்கள். தண்ணீர் 10 மி.லி கூட்டுங்கள், உலர்ந்த காற்றில் மாவும் உலர்ந்திருக்கும். சர்க்கரையை 20 கிராமாக்கினால் இன்னும் உறுதியாக நிற்கும்.

3500 மீட்டருக்கு மேல் பிரவுனியை விட்டுவிடலாம். 4000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரிக்கு அருகிலேயே கொதிக்கும். ஒரு மணி நேரம் எரித்தாலும் நடு களியாகவே நிற்கும், அந்த கேஸில் மறுநாள் பனி உருக்கிக் குடிதண்ணீர் எடுத்துவிடலாம். மஃபினையும் கப்பில் பாதி அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். கனம் குறைந்தால் சூடு நடுவுக்குச் சீக்கிரம் போய்ச் சேரும்.

12. பிழை எங்கே என்று கண்டுபிடிக்க

*தலை களி, அடி சரி.* துணி கட்டவில்லை, அல்லது துணி முழுக்க நனைந்து சொட்டியது. இரண்டாவது ஈட்டுக்கு முன் துணியைப் பிழிந்து கட்டுங்கள்.

*அடி களி, தலை சரி.* தண்ணீர் தாங்கியைத் தொட்டது, அல்லது பெருந்தீயில் துள்ளியது.

*உப்பவே இல்லை.* பொட்டலத்தில் ஈரம் ஏறியிருக்கும். கவரைத் திறக்கும்முன் மாவு கல்லாகக் கட்டியிருந்ததா என்று யோசியுங்கள். இல்லையென்றால் கரைத்துவிட்டு ஆவிக்காகக் காத்திருந்திருப்பீர்கள்.

*பிரவுனியின் மேல் நெய் மிதக்கிறது.* தண்ணீர் குளிர்ந்திருந்தது, நெய் மாவோடு சேரவில்லை. ஆறும்வரை விட்டால் பெரும்பகுதி உள்ளே இழுத்துக்கொள்ளும், தின்னலாம்.

*ஓரம் வெந்தது, நடு பச்சை.* டப்பாவில் மாவு 2 செ.மீக்கு மேல். அதே டப்பாவில் இன்னும் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். அப்போதும் ஆகாவிட்டால் வெந்த ஓரத்தைச் சாப்பிட்டு, நடுவைக் கரண்டியால் கிண்டி, தண்ணீரைக் கொட்டிய அதே பாத்திரத்தில் புரட்டுங்கள். பிரவுனி என்ற பெயர் போய்விடும், ருசி போகாது.

13. மிச்சமும் கழுவலும்

பாத்திரத்தில் நூற்றைம்பது மி.லி அளவுக்குச் சுடுதண்ணீர் நிற்கும். மாவு சிந்தாமல் செய்திருந்தால் நாணயத்தையும் தாங்கியையும் எடுத்துவிட்டு அதிலேயே தேயிலை போடலாம். சிந்தியிருந்தால் கப் கழுவ அது உதவும். சிலிக்கான் கப்பை ஆறவிட்டுத் திருப்பிப் பிதுக்கினாலே ஒட்டியதெல்லாம் உதிரும், சோப்பு வேண்டாம்.

கழுவிய தண்ணீரை ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிக் கொட்டுங்கள். துகள்களையும் பட்டர் பேப்பரையும் குப்பைக் கவரில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். கரடி நடமாடும் காட்டில் சாக்லேட் வாசனையுள்ள அந்தக் கவரைத் தூங்கும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். மிஞ்சிய பிரவுனித் துண்டுக்கும் அதே விதி.